பவுனம்மாளின் புருஷன் மறுபடி பிறந்தது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே வேலையாட்களின் வரிசை வீடுகளான லயத்தில், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் பவுனம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். அழுவதற்கு அல்ல. அழ ஆள் நிறைய இருந்தது. எந்தத் திசையில் தலைவைக்க வேண்டும், கால் கட்டைவிரல்களை எதனால் கட்ட வேண்டும், விளக்கு எத்தனை நாள் அணையாமல் எரிய வேண்டும் என்றெல்லாம் சொல்ல ஒருத்தி வேண்டுமே, அதற்குத்தான்.

காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் அவள். அம்மா மாரியாயியிடமிருந்து வந்த பாடம் இது. சனிக்கிழமை செத்தவன் துணை தேடுவான், அதனால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிடு. ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போனால் வாசல் வழியே எடுக்காதே, சுவர்ப் பலகை ஒன்றைப் பெயர்த்து அந்த வழியாக எடு, எடுத்த கையோடு ஆணி அடித்து மூடு. பேய்க்குக் கால் தரையில் பாவாது, நிழல் விழாது, இரும்பைத் தொடாது. இவையெல்லாம் ரசத்துக்கு என்ன போடுவது என்று தெரிந்திருப்பதைப்போல அவளுக்குத் தெரிந்திருந்தன. பயந்து பயந்து செய்தவள் இல்லை. நன்றாகச் சாப்பிடுவாள், வெற்றிலை போடுவாள், வயிறு குலுங்கச் சிரிப்பாள். சாவு வீட்டுக்குப் போய்வந்து தலைமுழுகிவிட்டால் அடுத்த நிமிஷம் கருவாடு சுடுவாள்.

அவளுடைய புருஷன் கன்னையா தண்டவாள வேலைக்காரன். நல்ல உயரம், நல்ல பசி. பெண்டாட்டியின் சாஸ்திரங்களைக் கேட்டுச் சிரிப்பான்.

"செத்தவனுக்குத் தெரியவா போகுது புள்ள?"

"தெரியாதுன்னு உங்களுக்கு யாரு வந்து சொன்னா?" என்பாள் அவள்.

கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தையில்லை. அந்த ஒரு குறையைத் தவிர வேறு குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், மார்கழி மாதத்தில், கோலாலம்பூரை வெள்ளம் மூழ்கடித்தது. பழைய ஆட்கள் அதைப் 'பெருவெள்ளம்' என்றே சொல்வார்கள். கிள்ளான் ஆறு கரையை மறந்துவிட்டது. லயத்து வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். பவுனம்மாள் அரிசிப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியபோது கன்னையா அங்கே இல்லை. பத்து தீகா என்ற ஊர்ப்பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரிக்கிறது என்று அவனோடு சேர்த்து ஒரு கூட்டத்தை அனுப்பியிருந்தார்கள்.

தண்ணீர் வடியத் தொடங்கியபோது மண்டோர் சபாபதி வந்தார். அந்த வேலையாட்களை நடத்துகிறவர் அவர். நெஞ்சுவரை சேறு. நின்ற இடத்திலேயே நின்றார், உட்காரவில்லை.

"தாயே, கரையோட சேந்து போயிட்டான். என் கண்ணு முன்னால. ஒரு கை தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியல."

ஆற்றோரமெல்லாம் தேடினார்கள். ஆடு கிடைத்தது, கதவு கிடைத்தது, யார் யாருடைய உடல்களோ கிடைத்தன. கன்னையா கிடைக்கவில்லை.

கன்னையாவின் அக்கா நல்லம்மாள் அதே லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்தாள். புருஷனை இழந்தவள். தம்பியைத் தவிர அவளுக்கு வேறு நாதியில்லை. அவளுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. தம்பி ஈரத் துணியோடு வாசலில் நின்று "பசிக்குதுக்கா" என்கிறான்.

"பவுனு, காரியத்தைப் பண்ணிடுவோம்டி. பண்ணாத வரைக்கும் அவன் ஈரத்தோடயேதான் நிப்பான்."

தண்ணீரில் போனவனுக்குச் சடங்கு தள்ளக்கூடாது என்று எத்தனையோ வீட்டில் பவுனம்மாள் சொல்லியிருக்கிறாள். ஊருக்கு ஒன்று சொல்லித் தனக்கு ஒன்று வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை. சரி என்றாள். தென்னை மட்டையில் ஆள்போலக் கட்டி, அவன் சட்டை ஒன்றைப் போர்த்தி, சுடுகாட்டில் வைத்துக் கொளுத்தினார்கள். பதினாறாம் நாள் தாலியைக் கழற்றினார்கள். எல்லாக் காரியத்துக்கும் எது முன்னே, எது பின்னே என்று கேட்க வந்தவர்கள் வழக்கப்படி அவளிடமே வந்து கேட்டார்கள். அவளும் வழக்கப்படி சொன்னாள். எல்லாரும் போனபிறகு, அவன் மட்டும் சாப்பிடும் பெரிய வட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். 

அதோடு விஷயம் முடியவில்லை. காக்கை பாக்கி இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அந்த நாளில் காக்கையைப் பார்ப்பதே அபூர்வம். கிள்ளானில் கொள்ளை கொள்ளையாக இருந்தன. காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து யாரோ துரை கொண்டுவந்து விட்டதாகச் சொல்வார்கள். ஆகவே லயத்தில் காக்கைச் சோற்றைப் பசுவுக்குக் கொடுப்பது என்று பவுனம்மாளே வழக்கம் செய்து வைத்திருந்தாள். கன்னையாவுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். பசு தின்றது. ஆனால் நல்லம்மாளின் கனவு நிற்கவில்லை.

"மாடு தின்னா என் தம்பி தின்ன மாதிரியா? முப்பதாம் நாளைக்குக் கிள்ளானுக்கே போவோம்டி. காக்காவே வந்து எடுக்கட்டும்."

தண்டவாளத்தைச் சரிசெய்து ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. தை மாதத்து மேகமூட்டமான ஒரு காலையில் இரண்டு பெண்களும் சோறும் வடையும் வாழையிலையும் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினார்கள். வெள்ளைச் சேலையில் பவுனம்மாளைப் பார்த்து எதிரே உட்கார வந்தவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள்.

கிள்ளானில் பாலத்துக்குக் கீழே படகுத்துறை. பக்கத்து மரமெல்லாம் காக்கை. இலையை விரித்துச் சோற்றை வைத்து நல்லம்மாள் "கா கா" என்று கூப்பிட்டாள். ஒன்று இறங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. வடையைப் பார்த்தது, நல்லம்மாளைப் பார்த்தது. தொடவில்லை.

"என்னடா தம்பி குறை?" நல்லம்மாள் இரண்டு கையும் கூப்பினாள். "பவுனை நான் பாத்துக்கிறேன்டா. கருவாடு வைக்கலைன்னு கோவமா? அடுத்த மாசம் வைக்கிறேன்."

காக்கை இரண்டு தத்துத் தத்திப் பின்னால் போனது. காக்கை தொடாவிட்டால் செத்தவனுக்கு ஏதோ ஆசை பாக்கி என்பது பவுனம்மாளுக்குத் தெரியும். என்ன ஆசை? பெரிதாக ஆசைப்பட்டு எதையும் கேட்கிற ஆளே இல்லையே அவர் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் ஒரு சம்பான் வந்து கரை தட்டியது. மலாய்க்காரர் ஒருவர் துடுப்பை வைத்துவிட்டு ஓர் ஆளைத் தாங்கிப் பிடித்து இறக்கிவிட்டார். கட்டம் போட்ட கைலி, முகம் மூடிய தாடி, கையில் கழி. ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் தொங்கவிட்டபடி அந்த ஆள் மேலேறி வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றான்.

"அக்கா, யாருக்கு இந்தப் படையல்?"

"என் தம்பிக்கு," என்றாள் நல்லம்மாள் கண்ணைத் துடைத்தபடி, திரும்பாமலே.

"எந்தத் தம்பி?"

"எனக்கு இருந்ததே ஒரு தம்பிதானே ஐயா..." என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் அப்படியே பின்பக்கமாகச் சரிந்தாள். காக்கைகளெல்லாம் ஒரே இரைச்சலாக எழும்பின.

பவுனம்மாள் ஓடவில்லை. இடுப்புப் பையிலிருந்த பாக்குவெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதலில் காலைப் பார்த்தாள். ஒன்று தரையில் இருந்தது, ஒன்று இல்லை. நிழலைப் பார்த்தாள். நிழல் இல்லை. ஆனால் அந்த மூட்டத்தில் அவளுக்கும் நிழல் இல்லை, நல்லம்மாளுக்கும் இல்லை. மாரியாயி சொல்லிக் கொடுத்த பாடத்தில் இப்படிப்பட்ட நாளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

"புள்ள, அக்காவுக்குத் தண்ணி தெளி," என்று சொல்லிவிட்டு, நிற்க முடியாமல் அவன் இலைக்கு எதிரே உட்கார்ந்தான். அவனுக்கு விடிகாலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. எதிரே சோறு இருந்தது. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான். மென்றான். முகத்தைச் சுளித்தான்.

"என்ன புள்ள இது? உப்பே போடல?"

செத்தவனுக்கு வைக்கும் சோற்றில் உப்புப் போட மாட்டார்கள். ஆவிக்கு உப்பு ஆகாது. உப்பு இருக்கும் பக்கமே அது வராது. பவுனம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். சோற்றில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் இதே மாதிரி புருவத்தை ஏற்றி, இதே மாதிரி வட்டிலைப் பார்த்து, இதே மாதிரிக் கேட்கிறவன் உலகத்தில் ஒருத்தன்தான். உப்புக் கேட்கிற பேயும் உண்டா? பாக்குவெட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. அவன் அதை எடுத்து, தூசி தட்டி, அவளிடமே நீட்டினான்.

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். முப்பது நாள் அழாததையும் சேர்த்து அழுதாள்.

நடந்தது இதுதான். கரை சரிந்தபோது மரம் ஒன்று மிதந்து வந்தது. அதைக் கட்டிக்கொண்டான். அந்த மரமே அவன் காலை நசுக்கியும் விட்டது. ஆற்று முகத்துவாரத்தில், நிப்பா ஓலைக் காட்டுக்குள் கிடந்தவனை டோலா என்ற அந்த மலாய்க்காரர் தூக்கித் தம் கம்பத்துக்கு, அந்த மலாய்க் கிராமத்துக்கு, கொண்டுபோனார். வைத்தியர் எலும்பைச் சேர்த்துக் கட்டினார். காய்ச்சலில் பல நாள் கன்னையாவுக்குத் தன் பெயரே நினைவில்லை. நினைவு வந்ததும் டோலா பாசாரில் ஒரு தமிழாளைப் பிடித்துச் செய்தி சொல்லி அனுப்பினார். அந்த ஆள் போகிற வழியில் கள்ளுக்கடைக்குள் நுழைந்தான். செய்தியும் அவனோடு அங்கேயே தங்கிவிட்டது. பதில் வராததைப் பார்த்துக் கன்னையா தானே கிளம்பி வந்துவிட்டான்.

மனைவியின் வெறுங்கழுத்தை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"என்னைக் கொளுத்திட்டீங்களா?"

"உங்க சட்டையத்தான்."

"எந்தச் சட்டை?"

"நீலக்கோடு போட்டது."

"அடக் கடவுளே! அது நல்ல சட்டையாச்சே!"

மயக்கம் தெளிந்து எழுந்த நல்லம்மாள் தம்பியின் தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவன் "ஆ" என்று கத்தியதும்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. மூவருமாகச் சோற்றைத் தின்று தீர்த்தார்கள். டோலாவுக்கு வடை.

மாலை ரயிலில் மூவரும் பிரிக்பீல்ட்ஸ் திரும்பியபோது லயமே கதவடைத்துக்கொண்டது. கொளுத்தி, பதினாறு கும்பிட்டு முடித்த ஆள் நடந்து வந்தால் யார்தான் கதவைத் திறப்பார்கள்? சபாபதி மட்டும் எதிரே வந்து, எட்ட நின்றார்.

"கன்னையா, நீ உசுரோட இருக்கறது எங்களுக்குச் சந்தோசம்தான்பா. ஆனா உனக்குப் பண்ண வேண்டியதெல்லாம் பண்ணியாச்சு. இனி நீ வாசப்படி மிதிச்சா உன் பின்னாலயே சாவு வரும். பிள்ளகுட்டி இருக்கற லயம் இது."

கன்னையாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் பவுனம்மாள் சபாபதியின் பக்கம்தான் பேசினாள்.

"மண்டோரண்ணே சொல்றது சரிதாங்க. செத்தவரு உள்ள வரக்கூடாது."

அன்று கன்னையா மாரியம்மன் கோயில் கொட்டகையில் படுத்தான். சோறு மட்டும் போயிற்று, உப்புப் போட்டு. பவுனம்மாள் வீட்டில் தூங்காமல் யோசித்தாள். மற்றவர்களுடைய சாவுக்கெல்லாம் வழி சொன்னவளுக்கு இதற்கு வழி தெரியவில்லை. அம்மா சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாமே போகிற வழியாக இருந்தது. வருகிற வழி ஒன்றுகூட இல்லை. மனிதன் இந்த உலகத்துக்குள் வருகிற வழி எது என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதில் கிடைத்ததும் இருட்டில் தனியாகவே சிரித்தாள்.

காலையில் பெண்களெல்லாம் குழாயடியில் கூடியிருக்கும்போது சொன்னாள்.

"செத்தவருதான் வரக்கூடாது. பிறந்த பிள்ளை வரலாமில்ல?"

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சபாபதி மோவாயைத் தடவினார். கோயில் பண்டாரத்திடம் போய்க் கேட்டார்கள். அவர் வெகுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "சாஸ்திரத்துல இடமிருக்கு" என்றார். எந்தச் சாஸ்திரம் என்று யாரும் கேட்கவில்லை.

திருவிழாவுக்குச் சோறு பொங்கும் பெரிய அண்டா கொட்டகையில் இருந்தது. அதில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆறடிக் கன்னையாவை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். கட்டுப்போட்ட கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சேலையைப் போட்டு மூடினார்கள். தாய் வேண்டுமே? பெற்றவளுக்கு விதவை என்ற விலக்கு கிடையாது என்று நல்லம்மாள் முன்வந்தாள். அண்டாவைப் பிடித்துக்கொண்டு, பெற்ற அனுபவம் இல்லாதவள், பார்த்த அனுபவத்தை வைத்து முக்கினாள், முனகினாள். பிறகு சேலையை விலக்கித் தம்பியின் தலையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

லயமே சிரித்தது. கன்னையா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

"பிள்ளை அழணும்!" என்றார் பண்டாரம். "அழாத பிள்ளை பிறந்த கணக்குல சேராது."

கன்னையா "ங்கா" என்று சொல்லிப் பார்த்தான். சிரிப்புதான் வந்தது. நல்லம்மாள் தொடையில் கிள்ளினாள். அப்போதும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவன் மனைவியைத் தேடினான். முன்வரிசையில் இல்லை. மங்கல காரியத்தில் வெள்ளைச் சேலைக்காரி முன்னால் நிற்கக்கூடாது என்று அவளே சொல்லிக்கொடுத்த வழக்கம். கொட்டகைக் கம்பத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் யோசித்துச் செய்தவள் அவள். அவளுக்கு இடம் கடைசியில்.

கன்னையாவின் முகம் மாறியது. உதடு கோணியது. ஆற்றில் போனபோதும் காலைக் கட்டியபோதும் அழாத அந்தப் பெரிய ஆள் அண்டாவுக்குள் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். பெண்கள் குலவையிட்டார்கள்.

ஒரே பகலில் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, பெயர் வைத்து, சோறு ஊட்டியாயிற்று. பெயர் பழையதே இருக்கட்டும், வேலைக்கு வசதி என்றார் சபாபதி. அதற்கடுத்து வந்தது தாலிப் பேச்சு. அங்கேதான் அவர் கொஞ்சம் இழுத்தார்.

"என்ன இருந்தாலும் அறுத்த கழுத்துல மறுபடி எப்படிம்மா..."

"அண்ணே, மாப்பிள்ளை இன்னைக்குத்தான் பிறந்திருக்காரு," என்றாள் பவுனம்மாள். "அவரு எனக்கு இன்னும் தாலியே கட்டல. கட்டாத தாலியை யாரு அறுத்தது?"

சபாபதியே போய்த் தேங்காயும் பழமும் வாங்கிவந்தார். அந்தத் தையிலேயே நல்ல நாள் பார்த்து மாரியம்மன் முன்னால் தாலி ஏறியது. கல்யாணச் சாப்பாட்டுக்கு டோலா கம்பத்திலிருந்து ஒரு கூடை மீனோடு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தாலி கட்டும்போது கால் வலித்ததால் நாற்காலி போட்டார்கள்.

அந்தக் கல்யாணத்தில் பவுனம்மாளுக்கு ஒரு சங்கடம் மட்டும் வந்துசேர்ந்தது. பெற்றவள் என்ற உரிமையில் நல்லம்மாள் மாமியாராகிவிட்டாள்.

"இனிமே என்ன அண்ணி? அத்தைன்னு கூப்பிடு," என்று முதல்நாளே சொல்லிவிட்டாள். குழம்பில் புளி கூடினால் கேட்டாள். தலைவாராமல் இருந்தால் கேட்டாள். பவுனம்மாள் முணுமுணுத்துக்கொண்டே அத்தை என்று கூப்பிடப் பழகினாள். மறு வருஷம் மகள் இராஜம்மா பிறந்தபோது அந்த அத்தைதான் இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தாள். முந்தின கன்னையாவுக்குப் பிள்ளை பாக்கியம் இல்லை, இது புதுக் கன்னையாவின் ஜாதகம் என்று லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். பவுனம்மாள் அதை மறுக்கவில்லை.

கன்னையாவின் கால் பழையபடி ஆகவில்லை. தண்டவாளம் தூக்க முடியாது என்று கிள்ளான் பக்கத்தில் ஒரு ரயில்வே கேட்டுக்குக் காவல்காரனாகப் போட்டார்கள். கேட்டை ஒட்டிச் சின்ன வீடு, முருங்கை, நாலு வாழை. ஊரில் அவனுக்குப் 'போய்வந்தவர்' என்று பெயர். நோயில் கிடப்பவர்கள் ஆள் அனுப்புவார்கள். போய்ப் பக்கத்தில் உட்காருவான்.

"அங்க எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்பார்கள்.

"சேறுதான்," என்பான் கன்னையா. "ஆனா ஆளுங்க நல்லவங்க."

அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பவுனம்மாளையும் சாவு வீடுகளுக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கோழிக்குஞ்சும் பலகையும் விளக்கும் எல்லாம் பழையபடிதான். ஒன்றே ஒன்றை மாற்றினாள். உடல் கிடைக்காத சாவென்றால் அவசரப்பட விடமாட்டாள். "இருங்க, வரட்டும், எங்க போயிடப் போறாரு," என்பாள். ஒருமுறை கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனுக்காக ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் காத்திருக்க வைத்தாள். அவன் வரவில்லை. அந்த வீட்டுப் பெண் அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அந்த மாதங்களில் நிம்மதியாகத் தூங்கினேன் அக்கா என்றாள்.

முப்பதுகளின் நடுவில் ஒரு நாள் பிற்பகல். இராஜம்மா பள்ளிக்கூடம் போயிருந்தாள். நல்லம்மாள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்று மணி ரயிலை அனுப்பிக் கேட்டைத் திறந்துவிட்டு வந்த கன்னையா முருங்கை நிழலில் பாயைப் போட்டுச் சாய்ந்தான். சாய்ந்ததும் குறட்டை தொடங்கியது. சாலையில் போன மாட்டுவண்டிக்காரன் கேட்டுச் சிரித்தான்.

"என்னடி இது, இஞ்சின் மாதிரி," என்றாள் நல்லம்மாள். "திரும்பிப் படுக்கச் சொல்லக் கூடாதா?"

"விடுங்க அத்தை," என்றாள் பவுனம்மாள். முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள்.